சனிக்கிழமையில் காணாமல் போகும் கிறிஸ்துமஸ் விடுமுறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று பங்குக் கோயிலில் கொடுத்தது. மற்றொன்று மளிகைக் கடைச் சீனர் ஆண்டுதோறும் தரும் குதிரை காலண்டர். இரண்டிலும் இவ்வாண்டு, அதாவது 2026இல், டிசம்பர் 25 வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் சிவப்பாக நிற்கிறது. சரியாக ஒரு வாரம் கழித்து வரும் ஜனவரி 1ஆம் தேதியும் வெள்ளிக்கிழமையே. இடையில் உள்ள திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் விடுப்பு எடுத்தால் டிசம்பர் 25 முதல் ஜனவரி 3 வரை தொடர்ந்து பத்து நாள்கள் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட என் பிள்ளைகள், கோலாலம்பூர் செல்லும் இடிஎஸ் மின்சார ரயிலுக்கு எப்போது டிக்கெட் எடுக்கலாம் என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியைக் கெடுப்பது என் நோக்கமன்று. ஆனால் நான் எழுத வந்தது அடுத்த ஆண்டைப் பற்றி. 2027இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வருகிறது. அதைத் தொடர்ந்து வரும் 2028 புத்தாண்டும் சனிக்கிழமைதான். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்யும் தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அந்த இரண்டு விடுமுறைகளும் காலண்டரில் மட்டுமே இருக்கும், கைக்கு வராது.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஷிப்ட் அட்டவணை போடுவதும் விடுப்புக் கணக்கு பார்ப்பதும் என் பொறுப்பாக இருந்தன. ஆகவே இந்தச் சனிக்கிழமைக் கதையை நான் முதலாளி பக்கத்து மேசையில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன்; கிறிஸ்தவக் குடும்பத் தலைவனாக வீட்டில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 25க்கும் ஜனவரி 1க்கும் இடையே எப்போதும் ஏழு நாள் என்பதால் கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையோ அதே கிழமைதான் புத்தாண்டும். ஒன்று போனால் இரண்டும் போகும். பலர் கவனிக்காத இன்னொரு ஒற்றுமையும் உண்டு: மே 1க்கும் டிசம்பர் 25க்கும் இடையே 238 நாள்கள், அதாவது முழுமையாக முப்பத்து நான்கு வாரங்கள். எனவே தொழிலாளர் தினமும் கிறிஸ்துமஸும் எல்லா ஆண்டும் ஒரே கிழமையில்தான் வரும். 2027 மே 1 சனிக்கிழமை. தொழிலாளருக்கென்றே ஒதுக்கப்பட்ட நாளும் அதே பள்ளத்தில் விழுகிறது.

கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வந்த ஆண்டுகளை என் நினைவிலிருந்தே சொல்ல முடியும்: 1999, 2004, 2010, 2021. இனி 2027, 2032, 2038. இவற்றில் 2004இன் கிழமையைப் பினாங்கில் ஒருவரும் மறக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு என்பதால் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போயிருந்த நேரத்தில்தான் ஆழிப்பேரலை வந்தது. நம் காலண்டர் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை அச்சுப் பிசகாமல் திரும்ப வருகிறது என்றும், அந்த 400இல் கிறிஸ்துமஸ் வெள்ளியிலும் ஞாயிற்றிலும் 58 முறை, சனியில் 56 முறை வருகிறது என்றும் என் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். சனிக்குச் சற்றுக் குறைவு என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். வேலை வாழ்க்கை முப்பது, முப்பத்தைந்து ஆண்டுதான் என்பதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் இந்தச் சிக்கலே இல்லை. 2022இல் அப்படித்தான் வந்தது. டிசம்பர் 26 திங்கள் மாற்று விடுமுறையாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021இல், சனிக்கிழமை வந்தபோது திங்களன்று வழக்கம்போல் வேலை. ஒரு நாள் முன்னே வந்ததற்கு ஏன் இந்தத் தண்டனை என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. அதற்கான பதில் சட்டத்தில் இருக்கிறது, அதையும் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60டி பிரிவு, ஒவ்வோர் ஊழியருக்கும் ஆண்டுக்குச் சம்பளத்துடன் பதினொரு பொது விடுமுறைகள் தரப்பட வேண்டும் என்கிறது. அவற்றில் ஐந்து கட்டாயமானவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், அந்தந்த மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறு எவை என்பதை அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி அறிவிப்பு ஒட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் இந்த ஆறில்தான் வருகிறது. நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பதுபோல் தீபாவளியும் கட்டாய ஐந்தில் இல்லை. விடுமுறை ஓய்வு நாளில் வந்தால் அதற்கு அடுத்த வேலை நாள் மாற்று விடுமுறையாகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதில் 'ஓய்வு நாள்' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 59ஆவது பிரிவின்படி வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வு நாள். ஒருவருக்கு வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓய்வு நாள் கொடுக்கப்பட்டால், அவற்றில் கடைசி நாளே சட்டத்தின் கண்ணில் ஓய்வு நாள். சனியும் ஞாயிறும் வீட்டில் இருப்பவருக்கு ஞாயிறு மட்டும் ஓய்வு நாள். சனி என்பது வேலை நாளுமில்லை, ஓய்வு நாளுமில்லை. தொழிற்சாலை வழக்கில் அதற்கு 'ஆஃப் டே' என்று பெயர். ஆஃப் டேயில் விழுந்த விடுமுறைக்கு மாற்று நாள் தர வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. நல்ல மனமுள்ள சில நிறுவனங்கள் தாமாகவே கொடுக்கின்றன. தொழிற்சங்கம் உள்ள இடங்களில் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1955இல் சனிக்கிழமை அரைநாளாவது வேலை இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் சனி மதியம் ஒரு மணிக்குத்தான் அலுவலகப் பகுதி கலையும். அன்று விடுமுறை வந்தால் அரைநாள் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். கூட்டரசு அரசாங்க ஊழியர்களுக்கு 2005 ஜூலை 1 முதல் வாரத்தில் ஐந்து நாள் வேலை வந்தது. தனியார் துறையிலும் பல இடங்களில் சனி மெல்ல மெல்ல விடுபட்டது. நடைமுறை மாறிவிட்டது, சட்டத்தின் வார்த்தை அப்படியே நிற்கிறது.

இங்கே முதலாளிகள் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் பதிலை நானே பல தடவை ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன்: "சனி ஏற்கெனவே நாங்கள் கொடுத்த சலுகை, சலுகைக்கு மேல் சலுகை கேட்காதீர்கள்." ஓய்வு பெற்ற பிறகு நிதானமாக யோசித்தபோது இந்தப் பதில் எனக்கே ஒப்பவில்லை. சனி சும்மா வந்ததன்று. வாராந்தர வேலை நேரத்தின் உச்ச வரம்பு 2023 ஜனவரி 1 முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அந்த 45 மணியை ஐந்தால் வகுத்து நாளொன்றுக்கு ஒன்பது மணி என்று வேலை வாங்கும் இடங்களில், சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலையைத் தொழிலாளி திங்கள் முதல் வெள்ளி வரை கூடுதலாக நின்று முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறார். சம்பாதித்த நாள் அது. அந்த நாளில் பண்டிகை வந்தால் பண்டிகை விடுமுறையை அவர் தன் உழைப்பாலேயே வாங்கிக்கொள்கிறார் என்றுதான் பொருள்.

இதைவிடக் கூர்மையான ஒரு முரண் சம்பளக் கணக்கில் உள்ளது. மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் போட ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று பார்க்கும்போது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கிறோம். மாதத்தில் ஞாயிறு நீங்கலாக உள்ள நாள்களே அந்த 26. சனி அதில் வேலை நாளாகச் சேர்ந்திருக்கிறது. அதாவது ஓவர்டைம் விகிதத்தைக் கணக்கிடச் சனி வேலை நாள். பண்டிகை அதில் விழுந்தால் மட்டும் அது ஒன்றுமில்லாத நாள். பன்னிரண்டு ஆண்டுகள் இந்த 26ஐக் கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்த எனக்கே இது ஓய்வு பெற்ற பின்தான் உறைத்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸில் மட்டும் ஏன் இது கூடுதலாக வலிக்கிறது என்றால், ஆண்டு இறுதியில் பல தொழிற்சாலைகள் ஒரு வாரம் மூடப்படுகின்றன. வெளிநாட்டுத் தலைமையகம் மூடும், ஆர்டர் வராது, இயந்திரப் பராமரிப்புக்கும் அது தோதான நேரம். ஊழியர்கள் அந்த வாரத்தைத் தங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்பட்டோ எழுதப்படாமலோ இருக்கும் வழக்கம். சட்டப்படி குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவையுள்ளவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். இவ்வாண்டு போல் வெள்ளிக்கிழமைக் கிறிஸ்துமஸ் என்றால் மூடும் வாரத்துக்கு நான்கு நாள் கழியும். பத்து நாள் ஓய்வு கிடைக்கும். 2027இல் திங்கள் 27 முதல் வெள்ளி 31 வரை ஐந்து நாளும் கழியும். கிடைப்பது ஒன்பது நாள். ஆண்டில் எந்த வாரத்தில் ஐந்து நாள் விடுப்பு எடுத்தாலும் இரு பக்கத்துச் சனி ஞாயிறும் சேர்ந்து ஒன்பது நாள் கிடைக்கத்தானே செய்யும்? இரண்டு பொது விடுமுறைகள் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். புதிதாகச் சேர்ந்த எட்டு நாள்காரர் அதில் ஐந்தைக் கட்டாயமாக டிசம்பருக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சம் மூன்றை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டும், குடும்பத்துக் கல்யாணம் ஒன்றுக்கும் போய் வர வேண்டும்.

2010இல் நடந்த ஒன்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டும் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. எங்கள் தொழிற்சாலை டிசம்பர் 27 முதல் 31 வரை மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது. என் அட்டவணையில் இருந்த ஒரு பெண் பிள்ளை, தென் செபராங் பிறையிலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருபவர், சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தாயார் மருத்துவமனையில் இருந்தபோது நான்கு நாள் விடுப்பு எடுத்துவிட்டார், மிச்சம் நான்கு. மூடும் நாள்களோ ஐந்து. ஐந்தாவது நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சண்டை போடவில்லை. "கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் லீவு உண்டுதானே அண்ணே, என்னோட அந்த ஒரு நாள் எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார். அவர் இந்து, அவருக்கு அது பண்டிகைகூட இல்லை. ஆனால் கேட்ட கேள்வி நேர்க் கேள்வி. சனிக்குப் போய்விட்டது என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது, எனக்கும் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

அந்த டிசம்பர் 29 இரவு நம் நாட்டுக் கால்பந்துக் குழு ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுடன் விளையாடித் தென்கிழக்காசிய சுசுகி கிண்ணத்தை வென்றதும், பிரதமராக இருந்த நஜிப் 31ஆம் தேதி வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கணக்கில் அன்றைய நாள் யாருடைய விடுப்பிலிருந்தும் கழிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளையின் சம்பளமும் தப்பியது. காலண்டர் எடுத்துக்கொண்ட நாளைக் கால்பந்து திருப்பிக் கொடுத்தது. 2027 டிசம்பரில் அப்படி ஒரு கிண்ணம் வரும் என்று நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது.

இது கிறிஸ்தவர்களின் மனக்குறை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 2020இல் பிப்ரவரி 8 தைப்பூசம் சனிக்கிழமை; நவம்பர் 14 தீபாவளியும் சனிக்கிழமை. ஒரே ஆண்டில் நம் மக்களின் இரண்டு பெரிய நாள்களும் ஆஃப் டேயில் கரைந்தன. பெருந்தொற்றுக் காலக் கெடுபிடியில் தீபாவளியன்று வெளியே போகவே வழியில்லாததால் அதை யாரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. 2024 ஆகஸ்ட் 31 தேசிய தினமும் சனிக்கிழமைதான். கட்டாய விடுமுறையாக இருந்தும் மாற்று நாள் இல்லை. மாறாக, இவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று மாற்று விடுமுறை உண்டு. நரகாசுரனை வதைத்த நாளுக்கும் பாலன் பிறந்த நாளுக்கும் சட்டம் வேற்றுமை பார்க்கவில்லை. சனிக்கும் ஞாயிற்றுக்கும் பார்க்கிறது.

பினாங்குக்கு இதில் தனிக் கதை ஒன்று உண்டு. மாநில ஆளுநரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் இங்கே ஜூலை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையில் கொண்டாடப்படுகிறது. தேதி மாறும், கிழமை மாறாது. கட்டாயமான ஐந்து விடுமுறைகளில் ஒன்று, ஐந்து நாள் வேலை செய்யும் பினாங்கு ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆஃப் டேயிலேயே வருகிறது என்பதுதான் இதன் பொருள். 2027இல் தொழிலாளர் தினம், ஆளுநர் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் ஆகிய மூன்றும் சனி. பதினொன்றில் இந்த மூன்று போனாலே மிச்சம் எட்டுதான். ஆளுநர் பிறந்தநாள் விடுமுறை இல்லாத கோலாலம்பூரில் இருப்பவருக்கு இவற்றில் இரண்டுதான் போகிறது.

இதை மாற்றவே முடியாது என்று சொல்வதற்கில்லை. மாமன்னரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் முன்பு நெடுங்காலம் ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமையில்தான் இருந்தது. 2021 முதல் அது ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமையில் வருகிறது. அதனால் நாட்டின் உற்பத்தி நின்றுவிடவில்லை. மாமன்னர் பிறந்தநாளுக்குச் செய்ததை ஆளுநர் பிறந்தநாளுக்கும் செய்யலாம் என்று மாநில அரசாங்கத்தை இந்தக் கடிதத்தின் வழி கேட்டுக்கொள்கிறேன். அது கிறிஸ்துமஸ் விஷயம் இல்லையே என்று ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்துவிட வேண்டாம். சனிக்கிழமையை ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டால் மற்ற இடத்தில் மறுப்பது கடினம் என்பதால்தான் சொல்கிறேன்.

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூரில் பொது விடுமுறை ஊழியருடைய வேலையில்லாத நாளில் வந்தால், அது சனியாக இருந்தாலும், முதலாளி இன்னொரு நாள் விடுமுறை தர வேண்டும். அல்லது ஒரு நாள் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும். ஜோகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு அந்த உரிமை உண்டு; பினாங்குப் பாலம் கடந்து வருபவர்களுக்கு இல்லை. பிரிட்டனில் 2021 கிறிஸ்துமஸ் சனியிலும் மறுநாள் விடுமுறை ஞாயிற்றிலும் வந்தபோது, திங்கள் 27, செவ்வாய் 28 என்று இரண்டு நாளும் மாற்று விடுமுறையாகின. இந்த விடுமுறைப் பழக்கத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களே மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

மலேசியாவில் ஏற்கெனவே விடுமுறைகள் அதிகம், இன்னும் கூட்டினால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பது முதலாளிகளின் மற்றொரு வாதம். சிறு தொழில் நடத்துபவர்களின் சிரமத்தை நான் குறைத்துப் பேசவில்லை; மூன்று பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு ஒரு நாள் என்பது பெரிய நாள்தான். ஆனால் நான் பன்னிரண்டாவது விடுமுறை கேட்கவில்லை. சட்டம் பதினொன்று என்று எண்ணிச் சொன்ன பிறகு, அந்தப் பதினொன்றும் கையில் வர வேண்டும் என்கிறேன். ஞாயிற்றில் வரும் ஆண்டில் பதினொன்றைக் கொடுக்க முடிகிற நிறுவனத்துக்குச் சனியில் வரும் ஆண்டில் மட்டும் ஏன் முடியாமல் போகிறது?

ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்குத் தொடர்ந்து முப்பது மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வு, ஓய்வு நாளாகக் கொள்ளப்படும். அது எந்தக் கிழமையிலும் வரலாம். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாளாக இருந்தால் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுதாகக் கிடைக்கும். அன்று வேலைக்கு வந்தாலோ விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் உண்டு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவருக்கு இந்தக் கூடுதல் சம்பளம் சட்டப்படி கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தளத்தில் தீபாவளியன்று கிறிஸ்தவர்களும் கிறிஸ்துமஸன்று இந்துக்களும் ஒருவருக்கொருவர் ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளில் இரு சாராரும் சேர்ந்து நிற்பார்கள். அட்டவணை போட்ட காலத்தில் எனக்கு மிகவும் எளிதாக அமைந்த வேலை அதுதான். யாரையும் நான் கேட்க வேண்டியிருந்ததில்லை, அவர்களே பேசி முடித்துவிட்டுப் பெயர்களை எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

என் வீட்டு நிலைமையையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். மகள் பாயான் லெப்பாஸில் அலுவலக வேலை. சனி, ஞாயிறு வீட்டில் இருப்பார். மருமகன் கெடா மாநில அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறார். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டில் இருக்கும் ஒரே நாள் சனி. 2027 கிறிஸ்துமஸ் சரியாக அந்த ஒரு நாளைத் தேடிப் பிடித்து வந்து உட்காருகிறது. மற்ற ஆண்டுகளில் 24ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு மகள் அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவந்து, அச்சு முறுக்கு டின்களைப் பிரித்து வைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளப்புவதற்குள் மூச்சு வாங்கும். உண்மையில் பண்டிகை வேலை எல்லாம் 24ஆம் தேதியில்தான் இருக்கிறது. 25 மதியத்துக்கு மேல் வருகிறவர்களுக்குச் சோறு போடுவதோடு சரி.

இதனால்தான் சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்க விரும்புகிறேன். கட்டாயமான ஐந்து நீங்கலாக உள்ள ஆறு விடுமுறைகளில் எதையும், முதலாளியும் ஊழியரும் ஒப்புக்கொண்டால், வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதே 60டி பிரிவு இடம் தருகிறது. தொழிலாளர் தினத்தை இப்படி நகர்த்த முடியாது; கிறிஸ்துமஸை முடியும். 2027 டிசம்பர் 25க்குப் பதிலாக 24ஆம் தேதி வெள்ளிக்கிழமையை விடுமுறையாக எழுதினால், சனி எப்படியும் ஆஃப் டே என்பதால், முதலாளிக்குப் பதினொன்றுக்கு மேல் ஒரு நாளும் செலவில்லை. ஊழியருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கிடைக்கும். ஆண்டு இறுதியில் மூடும் தொழிற்சாலைகள் 27ஆம் தேதி திங்களை எழுதினால் ஆண்டு விடுப்பில் கழியும் ஐந்து நாள் நான்காகக் குறையும். எந்த நாள் தோதானது என்பதை அந்தந்த இடத்தில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

2027க்கான அந்த அறிவிப்பு இவ்வாண்டு முடிவதற்குள் ஒட்டப்பட வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் அது நேரப் பதிவு இயந்திரத்துக்கு மேலே, தீ விபத்து எச்சரிக்கைத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கும். நானே பல ஆண்டுகள் அதை ஒட்டியிருக்கிறேன், யாரும் நின்று படித்ததைப் பார்த்ததில்லை. ஒட்டிய பிறகு போய்க் கேட்டால் "தலைமையகம் முடிவு செய்துவிட்டது" என்ற பதில்தான் வரும். தாள் அச்சுக்குப் போகும் முன், அக்டோபர் நவம்பர் மாதத்திலேயே, தொழிற்சங்கப் பிரதிநிதிகளும், சங்கம் இல்லாத இடங்களில் பிரிவுக்கு இருவர் மூவராகச் சேர்ந்து ஊழியர்களும் மனிதவளப் பிரிவுக்குப் போய் 25க்குப் பதிலாக எந்த நாள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் மேற்பார்வையாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு.